பழுப்பு வளையம்

இருக்கிறது, இல்லை, இருக்கிறது. மைமூன் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்து எதிர்ச் சுவரைப் பார்த்தாள். சுவரில் ஒன்றும் இல்லை என்று நிச்சயம் செய்துகொண்டவள் போல மறுபடியும் குனிந்தாள். இருக்கிறது. இளஞ்சிவப்புச் சதைக்கு நடுவே, ஒரு கடுகை நூறாக உடைத்தால் ஒரு துணுக்கு எவ்வளவு இருக்குமோ அவ்வளவு இடத்தில், நாலைந்து சுரப்பிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு, டவுன் பஸ்ஸில் ஒரே சீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்த பிள்ளைகள் மாதிரி. சுற்றியிருக்கிற சுரப்பிகளெல்லாம் மடிப்பு மடிப்பாக விரிந்து, தங்களுக்கென்று இடம் விட்டு, வாடகை ஒழுங்காகக் கொடுக்கிற குடித்தனக்காரர்கள் போல அமைதியாக இருக்கின்றன. இவை மட்டும் ஏன் இப்படிக் கூடி நிற்கின்றன, யார் இவற்றை உள்ளே விட்டது? கம்ப்யூட்டர்தான் முதலில் சொன்னது. திரையில் மஞ்சள் கட்டம் ஒன்று போட்டு, இங்கே பார் என்றது. அது எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறது. போன வாரம் கண்ணாடித் தகட்டில் ஒட்டியிருந்த துப்பட்டா நூலை இங்கே பார் என்றது. அதற்கு முந்தி, சதை மடிந்துகிடந்த இடத்தை. அதனால்தான் இன்று காலையும் கொட்டாவியோடு பார்த்தாள், அந்தக் கொட்டாவி பாதியில் நின்றுபோயிற்று. வாய் திறந்தபடியே எவ்வளவு நேரம் இருந்தோம் என்று இப்போது யோசித்தாள். நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை. இதயம் இப்படி அடித்துக்கொள்வது அவளுக்கே வேடிக்கையாக இருந்தது. ஐம்பதைத் தாண்டிய பொம்பளை, இருபது வருஷமாகச் சதைத் துண்டுகளைப் பார்த்து நோய் உண்டு, இல்லை என்று எழுதிக்கொடுக்கிற டாக்டர், ஒரு கடுகுத் துணுக்குக்காக இப்படியா. ஆனால் இது நாலு வருஷத்துக்கு முந்தின சதை. அதுதான். நாலு வருஷத்துக்கு முந்தி யாரோ ஒரு மனிதருக்கு ரத்தத்தில் புராஸ்டேட் சுரப்பியின் புரத அளவு கூடியிருந்து, ஊசி போட்டுச் சதையெடுத்து, மெழுகுக் கட்டியில் புதைத்து, மேலாகச் சீவிப் பார்த்து, ஒன்றும் இல்லை, போய் நிம்மதியாக இருங்கள் என்று அனுப்பியிருக்கிறார்கள். பார்த்தவர்மேல் தப்பே கிடையாது, அந்தச் சீவலில் நிஜமாகவே ஒன்றும் இல்லை. அவளும் எடுத்துப் பார்த்துவிட்டாள். இது அதற்கும் அடியில், அதே மெழுகுக்குள், இன்னும் பத்துச் சீவல் ஆழத்தில் இவ்வளவு காலமும் படுத்துக் கிடந்திருக்கிறது.

ஆனால் ஒட்டி நிற்பதெல்லாம் புற்று இல்லை. அதையும் இருபது வருஷம் சொல்லிக்கொடுத்திருக்கிறது. வயசாகிச் சுருங்கிப்போன சுரப்பிகூடச் சில சமயம் இப்படிப் பயமுறுத்தும். நிச்சயமாகத் தெரிய ஒரே வழி பழுப்புச் சாயம். நல்ல சுரப்பியைச் சுற்றிக் காவல் அணுக்கள் ஒரு வரிசை நிற்கும், சாயம் போட்டால் அவை பழுப்பாகிச் சுரப்பியைச் சுற்றி ஒரு வளையம் தெரியும். புற்றுச் சுரப்பிக்கு அந்த வளையம் இருக்காது. வளையம் இருந்தால் ஒன்றுமில்லை, இல்லாவிட்டால் இருக்கிறது. கேட்பதற்கு விடுகதை மாதிரி இருக்கும் இதை மாணவர்களுக்குச் சொல்லும்போதெல்லாம் அவர்கள் சிரிப்பார்கள். சாய அறையில் டெக்னீஷியன் ஜெயசெல்வி அடுத்த சீவலின் தகட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுல என்ன மேடம் அவசரம், நாளைக்குப் போடுற செட்டோட போட்டுறட்டுமா?" என்றாள். "இன்னைக்கே போடு." "ஒத்த தகட்டுக்கு ஒரு குக்கரு வைக்கணுமே மேடம்." "வையி செல்வி. நான் வேணா விசில் எண்ணுறேன்." ஜெயசெல்வி அவள் முகத்தை ஒரு மாதிரி பார்த்தாள். மேடத்துக்கு இன்னைக்கு என்ன ஆச்சு என்ற பார்வை. சாயம் பிடிப்பதற்கு முன்னால் தகட்டை மருந்துத் தண்ணீரில் வேகவைக்க வேண்டும். அதற்கென்று ஒரு சமையல் குக்கர் அந்த அறையில் எப்போதும் இருக்கும். புதிதாக வருகிறவர்கள் பருப்பு வேகிறது என்றுதான் நினைப்பார்கள். பிறகு ஒரு மருந்து, ஊறல், கழுவல், இன்னொரு மருந்து, ஊறல், கழுவல். மத்தியானச் சாப்பாடு தாண்டித்தான் தெரியும். அதுவரை? அதுவரை என்ன செய்வது? முதல் விசில் வந்தபோது அவள் இன்னும் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தாள். "போங்க மேடம், நீங்க நின்னா அது சீக்கிரம் வேகாது" என்று ஜெயசெல்வி சொல்லவும்தான் நகர்ந்தாள்.

கேன்டீனுக்குப் போனாள், டீ வாங்கினாள், குடிக்க மறந்துவிட்டாள். பாளையங்கோட்டை வெயில் வெளியே வேப்பமரத்தடியில்கூட ஒரு சொட்டு நிழல் விடாமல் காய்ந்துகொண்டிருந்தது. ஏடு கட்டின டீயைப் பார்த்துக்கொண்டே, ஆராய்ச்சிக் குழுக் கூட்டத்தில் இதே மாதிரி ஏடு கட்டின டீக்குப் பின்னாலிருந்து ஒருவர் கேட்டது ஞாபகம் வந்தது. பழைய மெழுகையெல்லாம் தோண்டிச் சீவி என்ன கண்டுபிடிக்கப் போறீங்க டாக்டர், இல்லைன்னு சொன்னது இல்லைதானே. அவளுக்குப் பதில் படியிறங்கும்போதுதான் வந்தது, பதில் எப்போதும் படியிறங்கும்போதுதான் வரும். இல்லை என்று சொல்லியனுப்பிய ஆட்களில் சிலர் வருஷங்கள் கழித்து இடுப்பெலும்பு வலிக்கிறது என்று நொண்டிக்கொண்டு வருகிறார்களே, அவர்களுக்கு அது எங்கிருந்து வந்தது, ஆகாயத்திலிருந்தா? அதற்கான தடம் அந்தப் பழைய சதையிலேயே இருந்திருந்தால், அதை மனிதக் கண்ணுக்கு முன்னால் ஒரு இயந்திரம் காட்டிக்கொடுக்குமானால், அப்புறம் ஊசி குத்தின அன்றைக்கே, வலி எட்டிப்பார்ப்பதற்கு எத்தனையோ காலத்துக்கு முன்னாலேயே. சரி, சரி, பறக்காதே. ஒரே ஒரு தகடு. அதுவும் இன்னும் குக்கரில். எட்டு மாதமாகத் தோண்டியதில் கிடைத்ததெல்லாம் நூலும் தூசும்தான். இன்னொன்றையும் மறக்கக்கூடாது, புராஸ்டேட்டில் வருகிற எல்லாப் புற்றும் கொல்வதில்லை. வயசான ஆம்பிளைகளில் எத்தனையோ பேர் அதை உள்ளே வைத்துக்கொண்டே பேரன் பேத்தி எடுத்து, அது இருந்ததே தெரியாமல், வேறெதற்கோ கண்ணை மூடுகிறார்கள். அப்படித் தூங்கிக்கிடப்பதை வலியத் தேடி எழுப்பி, கத்தி வைத்து, பிறகு அந்த மனிதர் வேட்டியில் சொட்டுச் சொட்டாகப் போகிறதென்று கல்யாண வீட்டுக்கே போகாமல், பொண்டாட்டி முகத்தைப் பார்க்கக் கூசி. அதற்குத் தேடாமலே இருந்திருக்கலாம். தேடுவதும் ஒரு கொடுமைதான், தெரியாமல் தேடினால். ஆனால் இது தூங்குகிற ஜாதி இல்லை. தூங்குகிறது தனித்தனியாக இருக்கும். இப்படி ஒட்டிக் கூடிக்கொள்வது நடக்கக் கிளம்புகிற ஜாதி. இதைத் தேடினால் தப்பில்லை, இதைத் தேடத்தான் வேண்டும், இதற்காகத்தான்

யா அல்லாஹ், வளையம் இல்லாமல் இருக்கட்டும்.

அவள் டம்ளரை மேசையில் வைத்தாள். என்ன துஆ இது? யாரோ ஒரு மனிதருக்குப் புற்று இருக்கட்டும் என்றா கேட்டோம்? நாக்கு தானாக, மனசு கேட்காமல், இவ்வளவு சுத்தமாக. பக்கத்து மேசையில் நர்ஸ் பிள்ளைகள் புளியோதரைப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தார்கள், அவர்களுக்குக் கேட்டிருக்குமோ என்றுகூட ஒரு கணம் பயந்தாள். மாற்றிக் கேட்டுப் பார்த்தாள். யா அல்லாஹ், வளையம் இருக்கட்டும், அந்த ஆளுக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கட்டும். கேட்டாள், ஆனால் அது நோன்பாளி சோற்றுப் பானையைப் பார்த்துக்கொண்டே பசிக்கவில்லை என்று சொல்வது மாதிரி இருந்தது, அல்லாஹ்வுக்குத் தெரியாதா. நடுவாக ஒன்று கேட்கலாம், எது உண்மையோ அது தெரியட்டும் என்று. அது நல்ல துஆ. ஆனால் அதைக் கேட்கும்போதே மனசின் இன்னொரு மூலை கண் சிமிட்டியது, எது உண்மை என்று உனக்குத் தெரியும் மைமூன், நீதான் பார்த்துவிட்டாயே. பார்த்துவிட்ட சந்தோஷம். அது எப்படிப்பட்ட பேய்ச் சந்தோஷம்! மேலப்பாளையத்து மொட்டை மாடியில், ஒன்பது வயசில், ஷவ்வால் பிறை தேடி மேற்கே எல்லோரும் கழுத்தை நீட்டிக்கொண்டிருக்கையில் அவள்தான் முதலில் பார்த்தாள். நகத்தை வெட்டிப் போட்ட மாதிரி, அதைவிட மெல்லிசாக, ஆரஞ்சு மேகத்தின் விளிம்பில். அன்னா! என்று கத்தினாள். உம்மா கையை நெற்றிக்கு மேல் வைத்துப் பார்த்துவிட்டு, அது மேகக் கீறலுடி என்றாள். மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, ஒண்ணுமில்ல புள்ள, நாளைக்கும் நோன்புதான் என்றார். எல்லோரும் இல்லை என்கிறார்கள், அவள் கண்ணுக்குள் மட்டும் அது இருக்கிறது, கண்ணை மூடினால்கூட இருக்கிறது. அழுகை, கோபம், என்னைத் தவிர யாருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்கிற தலைகால் புரியாத பெருமை. சற்று நேரத்தில் பள்ளிவாசலிலிருந்து நகரா முரசு முழங்கியது. வேறு எங்கோ இரண்டு பேர் பார்த்துச் சாட்சி சொல்லியிருந்தார்கள். தெருவே வெளியே வந்து கட்டிப்பிடித்துக்கொண்டது. அவள் பார்த்தது பார்த்ததுதான். ஆனால் பிறை பார்த்தால் ஊருக்குப் பெருநாள். இதைப் பார்த்தால் அந்த ஆளுக்கு என்ன நாள்? அந்த ஆள் இப்போது எங்கே? நாலு வருஷம். அந்தக் கடுகுத் துணுக்கு நாலு வருஷத்தில் எவ்வளவு தூரம் நடந்திருக்கும்? ஏற்கெனவே நொண்டிக்கொண்டு வந்துவிட்டுப் போயிருப்பாரோ? போயேவிட்டிருப்பாரோ? இது இதுவரை ஏன் தோன்றவில்லை? அவளுக்கு அவர் ஒரு எண்தான், பெயர் கம்ப்யூட்டரில் பூட்டியிருக்கிறது, நோய் உறுதியானால் மட்டும் திறக்கலாம் என்பது விதி. ஒருவேளை திறந்து பார்த்தால் உள்ளே இறந்துபோன ஒருவரின் பெயர்தான், ஒரு மையித்துதான் இருக்குமென்றால், அப்போதும் ஆராய்ச்சிக்கு அது வெற்றிதான். அதைவிடப் பெரிய வெற்றிகூட. அந்த எண்ணம் வந்ததும் ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தாள், கசாயம் குடிப்பவள் மாதிரி.

அப்போதுதான் கைப்பேசி அடித்தது. ஜெயசெல்வியோ என்று பதறி எடுத்தால், காஜா. அவள் கணவர், மார்க்கெட்டிலிருந்து, சுற்றிலும் மீன்காரர்கள் கத்த, "மைமூன், சீலா தீந்துபோச்சு. ஊளி கெடக்கு, வாங்கவா?" அவருக்கு ஐம்பத்தெட்டு. "மச்சான், நாளைக்கு ஒரு ரத்தப் பரிசோதனைக்கு வாங்க." "மீனப் பத்திக் கேட்டா ரத்தம் கேக்கியே." "எத்தன தடவ சொல்லிட்டேன் மச்சான். அம்பது தாண்டுனா ஒருக்காவாது டாக்டருட்ட பேசிப் பாத்துக்கிடணும்." "எனக்கு ஒண்ணுக்குப் போறதெல்லாம் நல்லாத்தான் போவுது." சொல்லிவிட்டு, மீன்காரிக்குக் கேட்டுவிட்டதோ என்று குரலை இறக்கினார். "இதையா மார்க்கெட்ல வச்சுப் பேசுவாங்க?" "நல்லாப் போனாலும்தான் பாக்கணும். போகாத காலத்துல வந்து பாக்குறதுக்குப் பேரு சீக்கிரம் இல்ல." அந்தப் பக்கம் அவர் யோசிப்பது கேட்டது. யோசிக்கும்போது மூக்கால் காற்று விடுவார். "என்ன இன்னைக்கு ஒரு மாதிரி படபடன்னு பேசுறே? நல்லாத்தானே இருக்கே?" "நல்லா இருக்கேன் மச்சான். ரொம்ப நல்லா இருக்கேன்." "சரி, ஊளி வாங்கிருதேன்." வரமாட்டேன் என்று அவர் சொல்லவில்லையே என்பது, வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

"மேடம்." கேன்டீன் வாசலில் ஜெயசெல்வி நின்றாள், கையுறையைக்கூடக் கழற்றாமல். "ரெடி. நான் பாக்கல." அவள் பார்த்திருப்பாள் என்று முகத்திலேயே தெரிந்தது. மைமூன் ஓடவில்லை, ஆனால் வராந்தாவில் எதிரே வந்த ஸ்ட்ரெச்சருக்கு வழிவிட நின்ற அந்த இத்தனூண்டு நேரம் அவளால் தாங்க முடியவில்லை. உட்கார்ந்தாள். தகட்டை மாட்டினாள். விளக்கைப் போட்டாள். முதலில் பெரிய படம், சிறிய லென்ஸ். வெளிர்நீலத் தரையில் நல்ல சுரப்பிகள், ஒவ்வொன்றைச் சுற்றியும் பழுப்பு வளையம், மருதாணி வைத்த விரல்நுனிகள் போல, அழகாக, உடையாமல். சாயம் பிடித்திருக்கிறது, நன்றாகப் பிடித்திருக்கிறது, இனி சாயத்தின்மேல் பழி போட முடியாது. தகட்டை நகர்த்தினாள். விரலுக்கு வழி தெரிந்திருந்தது. இடது, கொஞ்சம் மேலே, அந்த ரத்தக்குழாயைத் தாண்டி. இங்கே. பெரிய லென்ஸைத் திருப்பினாள், மங்கலாக இருந்தது, திருகினாள், மங்கல் தெளிந்தது. ஒட்டிக்கொண்டு நின்ற நாலைந்து சுரப்பிகளும் வெறுமையாக நின்றன. பழுப்பு ஒரு புள்ளிகூட இல்லை. சுற்றிலும் வளையம் வளையமாக, நடுவில் இவை மட்டும் அம்மணமாக. இல்லை. வளையம் இல்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணில் நீர் வந்தது. எந்தப் பக்கத்துக் கண்ணீர் என்று பிரித்துப் பார்க்க அவளால் முடியவில்லை, முயற்சிக்கவுமில்லை. எழுந்து போய் டாக்டர் ஆவுடையப்பனைக் கூப்பிட்டாள்.

ஆவுடையப்பன் சிறுநீர்ப் பாதை அறுவை டாக்டர். ஆராய்ச்சியில் அவளுக்குக் கூட்டாளி. மனிதர்களை முழுசாகப் பார்க்கிறவர் அவர், துண்டாகப் பார்க்கிறவள் அவள். இரண்டு பேர் ஒரே சமயத்தில் பார்க்கும் மைக்ராஸ்கோப்பில் எதிரே உட்கார்ந்து குனிந்தார். "சாயம் சரியாத்தானே...?" என்று ஆரம்பித்தவர், சுற்றியிருக்கிற வளையங்களைத் தானே பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். பிறகு, "நாலு வருஷம் முந்தியா?" என்றார். "நாலு வருஷம் முந்தி." "ஏயப்பா." எழுந்து போய்க் கம்ப்யூட்டரில் அவர் எண்ணைத் தட்டுவதை மைமூன் பார்க்கவில்லை, ஜன்னலுக்கு வெளியே ஒரு காகம் தண்ணீர்க் குழாயைக் கொத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருக்கட்டும். இந்தத் தடவை துஆவில் சிக்கல் இல்லை, ஒரே சொல்தான். இருக்கட்டும், அந்த ஆள் இருக்கட்டும். "தங்கப்பழம்," என்று ஆவுடையப்பன் வாசித்தார். "ஐயோ, நம்ம தங்கப்பழம்! நாங்குநேரிப் பக்கம், சவுண்ட் செட் வச்சிருக்காரு. மூணு மாசம் முந்தி வந்தாரே. ரத்த அளவு லேசாத்தான் கூடியிருந்துது. நாந்தான் அடுத்த வருஷம் வாங்கன்னு..." அவர் நிறுத்தினார். "அடுத்த வருஷம்," என்று மறுபடி மெதுவாகச் சொன்னார். "வலி?" என்றாள் மைமூன். "ஒரு வலியும் கெடையாது. காளை மாடு மாதிரி இருக்காரு. இப்ப ஸ்கேன் பண்ணி, மறுபடி சதையெடுத்துப் பாத்தா... மேடம், இது வெளிய போயிருக்காது. போறதுக்குள்ள பிடிச்சிருவோம்." சொல்லும்போதே அவர் கைப்பேசியை எடுத்து அழுத்திவிட்டார். மணி போய்க்கொண்டிருக்கும்போது அதை அவளிடம் நீட்டினார். "நீங்களே பேசுங்க." "நானா? நான் பேஷன்ட்கிட்ட பேசுனதே இல்லையே சார்." "கண்டுபிடிச்சது நீங்கதானே. நாளைக்கு வரச் சொல்லுங்க, போதும். மத்ததை நேர்ல நான் சொல்லிக்கிடுதேன்."

மறுமுனையில் முதலில் வந்தது உறுமி மேளச் சத்தம். பிறகு ஒரு கிறீச்சல். பிறகு, "யாருங்க? லோனெல்லாம் வேண்டாம்மா!"

"லோன் இல்ல அண்ணாச்சி. ஆஸ்பத்திரியிலேருந்து பேசுறேன். டாக்டர் மைமூன். ஆவுடையப்பன் டாக்டர் கூட வேல பாக்கேன்."

"டாக்டரம்மாவா? இருங்க, இருங்க, இங்க கோயில் கொடை, காது அடைக்கி. மாப்ள, அந்த ஆம்ப்ளிஃபயரக் கொறைய்யா! ...சொல்லுங்கம்மா."

சத்தம் தணிந்தது. மூச்சு கேட்டது. கனத்த, ஆரோக்கியமான, வெயிலில் நிற்கிற மனிதரின் மூச்சு. இருபது வருஷத்தில் எத்தனை ஆயிரம் தகடுகள், ஒன்றுகூட அவளிடம் மூச்சு விட்டதில்லை.

"நாலு வருஷத்துக்கு முந்தி உங்களுக்கு ஊசி போட்டுச் சதையெடுத்தாங்கல்லா, அதை இப்ப மறுபடியும் ஆழமா வெட்டிப் பாத்தோம். ஆராய்ச்சிக்காக. நீங்க அன்னைக்குச் சம்மதிச்சிருந்தீங்க."

"ஆமா, கையெழுத்துப் போட்டேன். ஒண்ணும் இல்லன்னாவளே."

"அன்னைக்குப் பாத்ததுல இல்ல. இப்பப் பாத்ததுல ஒரு சின்ன இடம் இருக்கு. நாளைக்குக் காலையில வந்துருங்க. வீட்ல அக்காவையும் கூட்டிட்டு வாங்க."

மேளம் எங்கோ தூரத்தில் ஒரு சுற்று முடித்தது.

"நல்ல சேதியாம்மா, கெட்ட சேதியா?"

"சீக்கிரமாப் பாத்துட்டோம் அண்ணாச்சி."

"அது சரி. நான் நாப்பது வருஷமா மைக் செட்டு வச்சிருக்கேன் தாயி. கல்யாணத்துக்கும் பேசுவாக, கருமாதிக்கும் பேசுவாக, கொரலக் கேட்டாலே என்ன காரியம்னு சொல்லிருவேன். நீங்க சொல்லுத சேதி ஒரு மாதிரி இருக்கு, ஒங்க கொரலு வேற மாதிரி இருக்கு. இம்புட்டுச் சந்தோஷமா எதுக்கும்மா இருக்கிய?"

அவள் ஆவுடையப்பனைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்தார். பொய் சொல்லிவிடலாம், குரல் எப்போதும் இப்படித்தான் என்று. காலையிலிருந்து மனசு சுற்றிச் சுற்றி வந்த இடத்துக்கே வந்து அந்த மனிதர் விரலை வைத்துவிட்டார்.

"ஆமா அண்ணாச்சி. சந்தோஷமாத்தான் இருக்கு. காலையிலேருந்தே இருக்கு. மொதல்ல நான் கண்டுபிடிச்சேன்னு சந்தோஷம். அது தப்புதான். ஆனா இப்ப நீங்க போனை எடுத்தீங்களே, அந்தச் சந்தோஷம். இது நெறயப் பேருக்கு வலி வந்தப்புறம் தெரியுற நோவு. உங்களுக்கு வலி வரல. வரதுக்கு முந்தியே நாங்க பாத்துட்டோம்."

"அப்ப நான் பயப்படணுமா, வேண்டாமா?"

"கொஞ்சம் பயப்படுங்க. நாளைக்கு வர்ற அளவுக்கு."

அவர் சிரித்தார். முழுச் சிரிப்பு இல்லை, பாதிச் சிரிப்பு. "நாளைக்கு இங்க கொடைக்கு மஞ்ச நீராட்டு. முடிச்சிட்டு நாளான்னைக்கு..."

"நாளைக்கு அண்ணாச்சி."

அவர் கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுவிட்டார் போலிருந்தது, அணைக்க மறந்து. துணி உரசுகிற சத்தம், மணலில் நடக்கிற சத்தம், யாரோ யாரையோ திட்டுகிற சத்தம். வைத்துவிடலாம் என்று ஆவுடையப்பன் சைகை செய்தார். மைமூன் வைக்கவில்லை. கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். மறுமுனையில் தங்கப்பழம் மைக்கை இரண்டு தட்டுத் தட்டினார், ஒரு செருமல், பிறகு அந்த ஊர் முழுவதுக்கும் கேட்கும்படி, கணீரென்று, கொஞ்சம்போல நடுங்கி, அந்தக் குரல் வந்தது.

"ஊர்ப் பெரியோர்களே, தாய்மார்களே. நாளை காலை மைக் செட்ட நம்ம மருமவன் பாத்துக்கிடுவாரு. தங்கப்பழத்துக்கு டவுன்ல ஒரு அவசர சோலி இருக்கு."